மகள் பாட்டை நிறுத்தட்டுமா என்று கேட்கிறாள்

தாழம்பூ:

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் நீங்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் போய்விடுவேன். இன்று எனக்கே கேட்க ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, பள்ளி விழாவில் சேர்ந்து பாட எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் ஒவ்வொரு பிள்ளையின் வாயருகிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். "நீ சத்தம் வராமல் வாயை மட்டும் அசை" என்றார். அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். விழா அன்று முழுப் பாட்டுக்கும் வாயசைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். எதிரே வந்த அம்மா, "அத்தனை பேர் பாடியும் உன் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது" என்றார். அன்று இரவு நான் எதற்கு அழுதேன் என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது.

அப்புறம் நான் பாடவே இல்லை. மகள் பிறந்த பிறகு, விளக்கை அணைத்த அறையில், அவளைத் தூங்க வைக்க முனகினேன். அவள் ஒருத்திதான் கேட்டாள். குறை சொல்லவில்லை.

இப்போது அவளுக்கு 13 வயது. ஐந்து ஆண்டுகளாக ஒரு சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறாள். வாரம் இரண்டு வகுப்பு. பாடிவிட்டு வரும் நாளில் அவள் கதவைத் திறக்கும் சத்தமே வேறாக இருக்கும். அடுத்த ஆண்டு பெரிய தேர்வு. வீட்டில் ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நேற்று இரவு அவளே வந்து, "அம்மா, பாட்டை நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

எனக்குக் கிடைக்காததை அவள் தலையில் ஏற்றுகிறேனோ என்ற பயமும் இருக்கிறது. உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் என்ன செய்தீர்கள்?

கணக்கப்பிள்ளை:

வணக்கம் சகோதரி. நான் இரண்டு பிள்ளைகளின் அப்பா. மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிள்ளையே நிறுத்தட்டுமா என்று கேட்கிறாள். நல்ல பொறுப்புள்ள பிள்ளை. ஓர் ஆண்டு நிறுத்திவைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. இரண்டு வகுப்பு, போகவர நேரம், வந்து ஓய்வு என்று சேர்த்தால் வாரத்தில் ஆறேழு மணி நேரம். தேர்வு நெருங்கும்போது அந்த ஆறேழு மணி நேரம் பெரியது. பாட்டு எங்கே போய்விடும்? தேர்வு முடிந்ததும் திரும்ப ஆரம்பிக்கலாம்.

வெள்ளைத்தாள்:

நிறுத்தவே நிறுத்தாதீர்கள் அக்கா! பாட்டுக் கற்றால் மூளை வளரும், கணக்கு நன்றாக வரும், ஞாபகசக்தி கூடும் என்று எத்தனை ஆராய்ச்சிகள் சொல்கின்றன. பாடுவதால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். இதையே வீட்டில் சொல்லுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஏழாம் ஆய்வகம்:

வெள்ளைத்தாள், உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் அந்த வாதத்தைக் கையில் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது நிற்காது. நிற்காத தூணில் பாட்டைச் சாய்த்து வைத்தால், தூண் விழும்போது பாட்டும் விழும்.

1993-ல் ஓர் ஆய்வு வந்தது. மொசார்ட்டின் இசையைக் கேட்ட கல்லூரி மாணவர்கள், மனதுக்குள் காகிதத்தை மடித்துப் பார்ப்பது போன்ற ஒரு வகைப் புதிரைச் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் கால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு உலகமே குழந்தைகளுக்கு இசைத்தட்டு வாங்கியது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க 1998-ல் ஆளுநரே ஏற்பாடு செய்தார்.

கொஞ்சம் வலுவான ஆய்வு 2004-ல் வந்தது. டொரன்டோவில் கிளென் ஷெலன்பெர்க் என்பவர் 144 ஆறு வயதுக் குழந்தைகளை நான்கு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு விசைப்பலகை, ஒன்றுக்குப் பாட்டு, ஒன்றுக்கு நாடகம், மற்றதற்கு அந்த ஆண்டு எந்த வகுப்பும் இல்லை. ஓர் ஆண்டில் எல்லாப் பிள்ளைகளின் நுண்ணறிவு எண்ணும் கூடியது. பாட்டும் விசைப்பலகையும் கற்றவர்களுக்கு ஏழு புள்ளி அளவு, மற்றவர்களுக்கு நான்கு சொச்சம். வித்தியாசம் இரண்டு மூன்று புள்ளிதான். பின்னால் 2020-ல் சாலா, கோபே என்ற இருவர் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். ஒழுங்காக வடிவமைத்த ஆய்வுகளில் அந்தச் சிறு பலனும் காணாமல் போனது.

தாழம்பூ அவர்களே, உங்கள் மகள் பாடினால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று வீட்டில் சொல்லாதீர்கள். கூடாவிட்டால் முதலில் பாட்டைத்தான் வெட்டுவார்கள். கணக்குப் படித்தால் பாட்டு நன்றாக வருமா என்று நாம் யாரும் கேட்பதில்லையே.

பழைய அரங்கம்:

மேலே சொன்ன அதே 2004 ஆய்வில் எங்கள் ஆட்களுக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு, யாரும் அதைப் பேசுவதில்லை. நாடகம் கற்ற பிள்ளைகளுக்கு நுண்ணறிவு எண் தனியாக ஏறவில்லை. ஆனால் பிறரோடு பழகும் விதத்தில் அவர்கள்தான் முன்னேறியிருந்தார்கள்.

நான் இளைஞர் நாடகக் குழுவில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தேன். ஒரு பையன் வருவான். பெயர் கேட்டால் கூடப் பக்கத்தில் இருப்பவன்தான் பதில் சொல்ல வேண்டும். மேடை ஏற மாட்டேன் என்றான். சரி, விளக்கைப் பார்த்துக்கொள் என்று விட்டோம். மூன்றாவது ஒத்திகையில் அவன் எழுந்து வந்து, "அந்த அக்கா அழும்போது வெளிச்சத்தை முகத்திலிருந்து கைக்கு இறக்கிவிடவா?" என்று கேட்டான். எங்கள் இயக்குநர் அப்படியே செய்தார். அழுகிற முகம் இருட்டில், நடுங்குகிற கைகள் மட்டும் வெளிச்சத்தில். பார்த்தவர்கள் மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து அவன் பேச ஆரம்பித்தான், அதுவும் விளக்கைப் பற்றி மட்டும். இரண்டு மாதத்தில் மற்றதையும் பேசினான்.

அவனுக்கு மதிப்பெண் கூடியதா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

மூன்றாம் வரிசை:

தாழம்பூ அம்மா, நான் 22 ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சேர்ந்து பாடக் கற்றுக்கொடுக்கிறேன். மகளைப் பற்றிப் பேசும் முன் உங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

"வாயை மட்டும் அசை" என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது, நடக்கப் பழகும் குழந்தையைத் தடுக்கி விழுந்தாய் என்று உட்கார வைப்பது போல. சுருதியை உணரவே முடியாத பிறவிக் குறை உண்டுதான், ஆனால் அது நூறில் இரண்டு பேருக்கும் குறைவு. மற்றவர்களுக்குக் காது சரியாகவே கேட்கும். கேட்ட சுரத்துக்குத் தொண்டையைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியாது, அவ்வளவுதான். அது பழக்கம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். சுருதி சேராத பிள்ளையிடம் முதலில் என் சுரத்தைப் பிடி என்று சொல்ல மாட்டேன். உனக்கு வருகிற சத்தத்தை நீட்டிப் பிடி என்பேன். அது எங்கே இருக்கிறதோ அங்கே நான் என் குரலைக் கொண்டுபோய் வைப்பேன். இரண்டும் ஒன்றாகும் நொடியில் பிள்ளையின் புருவம் உயரும். இரண்டு குரலும் ஒன்றையொன்று இடிக்கும்போது காதில் ஓர் அதிர்வு இருக்குமே, அது நின்று வழவழப்பாகிவிடும். அந்த ருசியைப் பிள்ளை ஒருமுறை கண்டுவிட வேண்டும். பிறகு நான் அரைச் சுரம் மேலே நகர்வேன், பிள்ளை தேடிக்கொண்டு வரும். சிலர் ஒரு வாரத்தில் வந்துவிடுவார்கள், சிலருக்கு ஓர் ஆண்டு ஆகும். வராமலே போனவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒன்பது வயதில் உங்கள் பக்கத்தில் யாராவது பத்து நிமிடம் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டும் அம்மா. உட்காரவில்லை. அதற்காக எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி மகள். ஒன்று கேட்கிறேன். அவள் குரலில் சமீபத்தில் மாற்றம் தெரிகிறதா? காற்று கலந்து வருகிறதா, மேலே போகும்போது விட்டுவிட்டு வருகிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், பையன்களின் மகரக்கட்டு எல்லோருக்கும் தெரியும். அவர்களின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறுகிறது என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு மூன்று சுரம்தான் இறங்கும். ஆனால் அந்தக் காலத்தில் குரல் நாண்கள் முழுதாக மூடாமல் நடுவே காற்று கசியும். குரல் புகைந்தது போல இருக்கும், நேற்று எட்டிய சுரம் இன்று எட்டாது. நாண்கள் என்றால் பெரிதாக எதுவும் இல்லை, வளர்ந்த பெண்ணுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவு, ஆணுக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவு. குழுவைச் சுருதி சேர்க்க ஒலிக்கும் 440 ஹெர்ட்ஸ் சுரத்தைப் பாடும்போது அவை நொடிக்கு 440 முறை சேர்ந்து பிரிகின்றன. வளர்கிற வயதில் அந்தச் சின்னத் தசை நீளமும் தடிமனும் கூடும்போது தடுமாறாமல் என்ன செய்யும்?

இதை முதலில் கண்ணால் பார்த்தவரும் ஒரு பாட்டு வாத்தியார்தான். மானுவேல் கார்சியா என்பவர். 1854-ல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, சூரிய வெளிச்சத்தை இன்னொரு கண்ணாடியால் உள்ளே திருப்பி, தான் பாடும்போது தன் குரல் நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அது கட்டுரையாக வந்தது. மருத்துவர்கள் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்வேன், கண்கொட்டாமல் கேட்பார்கள்.

இரவுப்பேருந்து:

எனக்கு 19 வயது. மேலே மகரக்கட்டு என்று படித்ததும் எழுதத் தோன்றியது.

14 வயதில் ஒத்திகையின் நடுவே என் குரல் உடைந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. இது உடம்பில் நடக்கிற மாற்றம், சில மாதங்களில் அடங்கும், அதுவரை கீழே பாடு என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். நான் கெட்டுப்போய்விட்டேன் என்றே நினைத்தேன். பாட்டுதான் நான் என்று அதுவரை இருந்தவனுக்கு அந்த இரண்டு ஆண்டும் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை.

கல்லூரிக்கு வந்து ஒரு நண்பன் இழுத்துப் போனதால் மறுபடி ஒரு குழுவில் நின்றேன். கீழ்ஸ்தாயிப் பிரிவு. இரண்டு பக்கமும் என்னைப் போல ஆறு பேர். முதல் சுரத்தை எல்லோரும் சேர்ந்து பிடித்தபோது கையில் இருந்த தாள் அதிர்ந்தது. என் நெஞ்செலும்பும் அதிர்ந்தது. எது என் குரல், எது பக்கத்தில் இருப்பவன் குரல் என்று தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

தங்கச்சி நிறுத்தட்டுமா என்று ஏன் கேட்கிறாள் என்று அவளிடம் கேட்டீர்களா அக்கா? நான் வீட்டில் "படிப்பு இருக்கிறது" என்றுதான் சொன்னேன். அதைச் சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

ஏழாம் ஆய்வகம்:

தம்பி, நீ சொன்ன அந்த அதிர்வுக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வு உண்டு. ஸ்வீடனின் கோதன்பர்க்கில் 2013-ல் வெளியானது. 18 வயது இளைஞர்களைச் சேர்ந்து பாடவைத்து இதயத் துடிப்பை அளந்தார்கள். பாட்டின் வரி நீளம் மூச்சைத் தீர்மானிக்கிறது, மூச்சு துடிப்பை ஏற்றி இறக்குகிறது. எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு விடுவதால் துடிப்பின் ஏற்ற இறக்கமும் ஒன்றுசேர்ந்தது. சிறிய ஆய்வுதான், அதனால் பெரிய முடிவு எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் இது மதிப்பெண்ணை அளக்கவில்லை, பாடும்போது நடப்பதையே அளந்தது. எனக்குப் பிடித்தது அதுதான்.

வெள்ளைத்தாள்:

சரி, ஒத்துக்கொள்கிறேன், மூளை வாதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் வீட்டில் "ஏன்" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? "அவளுக்குப் பிடிக்கிறது" என்றால் போதுமா? பெரியவர்கள் அதை ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

பழைய அரங்கம்:

போதும் என்று உலக நாடுகள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. 1989-ல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவைப் பாருங்கள். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை, கலை வாழ்வில் முழுமையாகப் பங்கெடுப்பதும் உரிமை என்று இருக்கிறது. படிப்புக்கு உதவினால் என்ற நிபந்தனை அதில் இல்லை.

மூன்றாம் வரிசை:

ஹங்கேரியில் ஸோல்தான் கொடாய் என்ற இசையமைப்பாளர், பாட்டைப் பள்ளியில் கணக்கு, மொழிப்பாடம் போலவே தினமும் வைக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் போராடினார். 1950-ல் அவர் பிறந்த கெச்கெமேத் நகரில் அப்படி ஒரு தொடக்கப்பள்ளி வந்தது. கருவி எதுவும் வாங்க வேண்டாம், ஒவ்வொரு பிள்ளையிடமும் குரல் இருக்கிறது என்பது அவர் கணக்கு. நம் பழந்தமிழ் இசையில் ஏழு சுரங்களுக்கும் பெயர் வைத்தவர்கள் முதல் சுரத்துக்குக் குரல் என்றே பெயர் வைத்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

எஸ்தோனியாவைப் பாருங்கள். மக்கள்தொகை பதினான்கு லட்சம் கூட இல்லாத நாடு. 1869-ல் தார்த்து நகரில் தொடங்கிய பாட்டு விழா இன்றும் நடக்கிறது. பல்லாயிரம் பேர் ஒரே மேடையில் நின்று பாடுகிறார்கள். 1962 முதல் இளையோருக்கென்றே தனி விழாவும் உண்டு. 1988-ல் தலைநகர் தாலினில் உள்ள விழாத் திடலில் மக்கள் கூடி, இரவிரவாகத் தடைசெய்யப்பட்ட பாட்டுகளைப் பாடினார்கள். மூன்று ஆண்டில் சோவியத்திடமிருந்து விடுதலை வந்தது. பாட்டால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அங்கே நின்றவர்களுக்குச் சேர்ந்து மூச்சு விடத் தெரிந்திருந்தது, சின்ன வயதிலேயே பழகியிருந்தார்கள்.

கணக்கப்பிள்ளை:

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் எழுதியபோது ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

என் மூத்தவன் படம் வரைவான். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பாதி இருந்தால், தண்ணீருக்குள் கரண்டி முறிந்து தெரியுமே, அதை அப்படியே பென்சிலில் கொண்டுவருவான். தேர்வு ஆண்டில் நிறுத்தச் சொன்னேன். மறுபேச்சுப் பேசாமல் நிறுத்தினான். நல்ல மதிப்பெண் வாங்கினான். தேர்வு முடிந்த அன்று புதிதாகப் பென்சில் பெட்டி வாங்கி மேசையில் வைத்தேன். இன்றைக்கு நான்கு ஆண்டு ஆகிறது. பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. கேட்டால், "இப்போது கை வராதுப்பா" என்கிறான், கோபமில்லாமல்.

தேர்வு முடிந்ததும் திரும்ப ஆரம்பிக்கலாம் என்று உங்களுக்கு எழுதினேன் சகோதரி. என் வீட்டில் அப்படி நடக்கவில்லை. நேரத்தைக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள். வாரம் ஒரு நாள் இருந்தாலும் போதும்.

இரவுப்பேருந்து:

சார், பெட்டியை அவர் அறையிலேயே விட்டுவையுங்கள். ஒன்றும் கேட்காதீர்கள். என்னை இழுத்துப்போன நண்பன் என்னைப் பாடச் சொல்லவில்லை, துணைக்கு வா என்றுதான் கூப்பிட்டான்.

தாழம்பூ:

எல்லோருக்கும் நன்றி. குறிப்பாக இரவுப்பேருந்து தம்பிக்கு. நீங்கள் சொன்னபடி நேற்று இரவு அவளிடம் கேட்டேன். "படிப்புக்காகத்தானே?" என்று கேட்காமல், "இப்போது வகுப்பில் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

முதலில் ஒன்றும் சொல்லவில்லை. போர்வையின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம், "மேலே போகிற இடத்தில் குரல் கிழிகிறது அம்மா. எல்லோர் பாட்டும் என்னால் கெடுகிறது. மூன்று வாரமாக நான் வாயை மட்டும்தான் அசைக்கிறேன்" என்றாள்.

இதைத் தட்டச்சு செய்யும்போதும் கை நடுங்குகிறது. அவளை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். என் கதையை நான் அவளிடம் சொன்னதே இல்லை, நேற்றுதான் சொன்னேன். மேடையிலிருந்து இறங்கியதும் பாட்டி சொன்னதையும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மூன்றாம் வரிசை அவர்கள் எழுதியதைக் கைபேசியில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறும் என்ற இடத்தை இரண்டாவது முறை படிக்கச் சொன்னாள். "அப்படியென்றால் எனக்கு நோய் ஒன்றும் இல்லையா?" என்று கேட்டாள். இத்தனை நாளும் இந்தப் பயத்தையும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்புறம் அவளே, "அந்தச் சுரம் பிடிக்கிறதை உனக்குச் செய்து பார்க்கலாமா அம்மா?" என்றாள். நான் மறுத்தேன், விடவில்லை. விளக்கை அணைக்கச் சொன்னேன், அணைத்தாள். எனக்கு வருகிற சத்தத்தை நீட்டினேன். அவள் அந்தப் புகைந்த குரலோடு கீழே இறங்கித் தேடிக்கொண்டு வந்தாள். முதலில் இடித்தது, பிறகு ஒரு நொடி இடிப்பு நின்றது. இருட்டில் அவள் புருவத்தைப் பார்க்க முடியவில்லை. "வந்துடுச்சும்மா" என்று கத்தினாள்.

வகுப்பை வாரம் ஒன்றாகக் குறைக்கிறோம், நிறுத்தவில்லை. அவள் அப்பாவும் சரி என்றுவிட்டார். மூன்றாம் வரிசை அவர்களுக்கு ஒரு கேள்வி: இந்தக் காற்றுக் குரலோடு பாடலாமா, தொண்டைக்குக் கெடுதல் இல்லையா? ஆசிரியரிடம் என்ன சொல்ல வேண்டும்?

மூன்றாம் வரிசை:

தாராளமாகப் பாடலாம் அம்மா. வலித்தால் மட்டும் நிறுத்த வேண்டும். கத்தவும் வேண்டாம், அடிக்கடி தொண்டையைச் செருமவும் வேண்டாம், செருமினால் நாண்கள் ஒன்றோடொன்று மோதும். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். நான்கு வாரத்துக்கு மேல் கரகரப்பு விடாமல் இருந்தால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கிழிகிற சுரத்தைத் துரத்த வேண்டாம், இப்போது எளிதாக வருகிற ஐந்தாறு சுரத்துக்குள் பாடினால் போதும்.

ஆசிரியரிடம் போய், "கொஞ்ச நாள் இரண்டாம் குரலில் நிற்கட்டும்" என்று சொல்லுங்கள். கீழ்ப்பகுதி பாடுபவர்கள் எந்தக் குழுவிலும் குறைவு, மகிழ்ச்சியாகச் சேர்த்துக்கொள்வார். அவளை நல்ல காதுள்ள ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் நிறுத்தச் சொல்லுங்கள், ஓரத்தில் வேண்டாம்.

அப்புறம், நீங்கள் அரைச் சுரம் மேலே நகர்ந்து பார்த்தீர்களா?

தாழம்பூ:

இன்று இரவு பார்க்கிறோம். விளக்கை அணைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.